கட்டுப் போட்ட கால்

மார்ச் 5

அன்புள்ள குட்டிக்கு,

போனை நீ எடுக்கவில்லை. எடுக்கமாட்டாய் என்று தெரிந்தேதான் அடித்துக்கொண்டிருந்தேன். தையல் கடையில் முதலாளி, "மணி அடிக்கறதுக்கா சம்பளம்?" என்று கேட்கும்வரைக்கும் அடித்தேன். அதனால்தான் இந்தக் காகிதம்.

ஆஸ்பத்திரிக்கும் வந்தேன். நீயும் பார்த்தாய். வார்டு வாசலில் என்னைக் கண்டதும் ஃபிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு மறுபக்கம் நடந்துவிட்டாய். ஆரஞ்சுப் பழங்களை நர்ஸிடம் கொடுத்துவிட்டு, மாப்பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்காமல் பஸ் ஏறினேன். கூடப் பிறந்தவளை வாசலோடு திருப்பி அனுப்பும் அளவுக்கு உனக்குக் கோபம். எனக்கு அதில் மனத்தாங்கல் இல்லை. இல்லை என்று எழுதும்போதே இருக்கிறது, அது வேறு விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பால் ஆட்டத்திலிருந்து உன் அத்தான் சரியாகச் சாப்பிடுவதில்லை. பஸ் டிப்போவுக்குப் போகிறார், வருகிறார், குளிக்கிறார், சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுகிறார். ஊரெல்லாம் ஒரே பேச்சு: "கட்டுப் போட்ட காலையே குறி பார்த்து அடிச்சான், அதுவும் சொந்தச் சகலையை." பழக்கடைக்காரர்கூட எனக்கு மீதிச் சில்லறையை நீட்டியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். லீக் கமிட்டியிலிருந்து ஓலை வந்திருக்கிறது. மாதக் கடைசியில் விசாரணை. இனி ஆயுசுக்கும் ஆட முடியாதபடி செய்துவிடுவார்கள் என்கிறார்கள். பந்து ஆடுகிறார் என்றுதான் டிப்போவில் இவருக்கு வேலையே கொடுத்தார்கள். ஆட்டம் போனால் வேலை என்ன ஆகும் என்று நான் வாய்விட்டுக் கேட்கவில்லை.

மன்னிப்புக் கேட்கத்தான் உட்கார்ந்தேன். ஆனால் யாருக்காகக் கேட்பது என்பதில் எனக்கே ஒரு குழப்பம். மாப்பிள்ளையின் முட்டி எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுது. திட்டி எழுதினாலும் சரி.

உன் அக்கா


மார்ச் 10

அக்கா,

முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். முட்டி நார் இரண்டும் அறுந்துவிட்டது, முட்டிச் சில்லில் விரிசல். தொடையிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டு. நடப்பார், ஆனால் ஓடமாட்டார் என்று டாக்டர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார், அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஓட்டத்தைப் பார்த்து அணில் என்று கூப்பிட்டார்களே இவரை, இனிமேல் என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று தெரியவில்லை.

போனை எடுக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் வீடு ஒரே அறை என்பது உனக்குத் தெரியும். கட்டிலில் அவர், காலடியில் ஸ்டவ், நடுவில் நான். நான் மூச்சு விட்டாலும் அவருக்குக் கேட்கும். இதை நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையில், வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில், கண் பரிசோதிக்கும் எழுத்து அட்டைக்குக் கீழே உட்கார்ந்து எழுதுகிறேன்.

அத்தான் எப்படி ஆடுவார் என்று எனக்குப் புதிதாகத் தெரிய வேண்டியதில்லை. டோல்கேட் என்று ஊரே பேர் வைத்திருக்கிறது. முதல் ஐந்து நிமிஷத்துக்குள் எதிராளியின் நல்ல ஆட்டக்காரனை ஒரு தட்டுத் தட்டிவிட வேண்டும். ஆரம்பம்தானே என்று ரெஃப்ரியும் எச்சரித்து விட்டுவிடுவார். அடி வாங்கினவன் அதற்கப்புறம் பந்தைப் பார்க்கமாட்டான், அத்தானையே பார்த்துக்கொண்டிருப்பான். அந்த அடிக்குத்தான் ரசீது என்று பேர். அவர்களுடைய கோச் ஓரத்தில் நின்று, "ரசீது குடுத்தாச்சா?" என்று கத்துவாராம். உன் வீட்டில் உட்கார்ந்து அத்தான் இதை நடித்துக் காட்டியபோது நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். அடுத்த வீட்டுக் கால் என்றால் சிரிப்பு வருகிறது.

ஆனால் இது வெறும் ரசீது இல்லை. இவருக்குப் போன வருஷத்திலிருந்தே இடது முட்டி சரியில்லை. அதை மறைக்க எப்போதும் நன்றாக இருக்கும் வலது முட்டியில்தான் கட்டுப் போட்டுக்கொண்டு ஆடுவார். அடிக்க வருகிறவன் கட்டைப் பார்த்து ஏமாந்து நல்ல காலைத் தேடி வரட்டும் என்று. இந்த ரகசியம் இவர் ஆடும் கிளப்பில் ஒருவருக்கும் தெரியாது. அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஜனவரியில் உன் வீட்டில் இரண்டு நாள் தங்கியபோது, துணி மடித்துக்கொண்டே உனக்குச் சொன்னேன்.

அத்தான் வந்து விழுந்தது இடது முட்டியில்.

இப்போது சொல். நீ அவரிடம் சொன்னாயா இல்லையா?


மார்ச் 13

குட்டி,

சொன்னேன்.

இந்த ஒரு வார்த்தையை எழுதிவிட்டு ஒரு பேண்ட்டின் காலை மடித்துத் தைத்து முடித்தேன். பிரித்துப் பார்த்தால் ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை. முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். நல்லதுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன், யாராவது என்னைத் திட்டினால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது.

எப்படிச் சொன்னேன் என்பதையும் கேள். ஆட்டத்துக்கு முந்தின நாள் கோச் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. "சொந்தம் பந்தமெல்லாம் கிரவுண்ட் கேட்டுக்கு வெளிய. அணிலுக்கு ரசீது நீதான் குடுக்கணும். குடுக்கலைன்னா பசங்க என்ன பேசுவாங்கன்னு உனக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார். உன் அத்தான் எழுந்து உள்ளே போனார். நான் அவர் பின்னாலேயே சமையலறைக்கும் குளியலறைக்கும் நடந்தேன். சகலையை விட்டுவிடுங்கள், ஒரே ஒரு ஆட்டம், வழுக்கி விழுந்த மாதிரி நடித்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். விட்டுக்கொடுத்தான் என்ற பேர் வந்தால் டீம் உடை மாற்றும் அறையில் ஒருவன் முகத்திலும் முழிக்க முடியாது என்றார். அப்போதுதான் என் புத்திசாலித்தனம் வேலை செய்தது.

"அப்படின்னா கட்டுப் போட்ட கால்ல அடிங்க. அதுதான் நல்ல கால். இன்னொண்ணு பக்கம் மட்டும் போயிடாதீங்க, அதுலதான் அவருக்கு வலி" என்றேன்.

இடதா வலதா என்று நீ சொன்னது எனக்கு மறந்துவிட்டது. உனக்குத்தான் தெரியுமே, சோற்றுக்கை எது என்று யோசிக்காமல் எனக்கு இடது வலது சொல்ல வராது. நல்ல காலில் கட்டு என்ற அந்தத் தந்திரம் மட்டும் மறக்கவில்லை. ஆஹா, என் தங்கை வீட்டுக்காரர் எவ்வளவு கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொண்டது மறக்கவில்லை. அவர் தலையை ஆட்டினார். பெரிய பாரம் இறங்கினவர் மாதிரி அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டார்.

மறுநாள் மைதானத்தில் மாப்பிள்ளைக்கு இடது முட்டியில்தான் கட்டு இருந்தது. நானும் பார்த்தேன். கட்டிருக்கும் காலைப் பார்த்து, நல்ல கால் என்று நம்பித்தான் இவர் விழுந்தார். எழுந்து நிற்கும்போது அவர் முகத்தை நீ பார்க்கவில்லை. நீ ஸ்ட்ரெச்சர் பின்னால் ஓடிக்கொண்டிருந்தாய்.

ஏன் அன்றைக்குக் கட்டு மாறியது? என்னிடம் மாற்றிச் சொன்னாயா? இது இவருக்குத் தெரியாமல் எழுதுவது. கட்டு எப்போதும் நல்ல காலில்தான் இருக்கும் என்று கமிட்டிக்கு நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும், வலிக்கிற காலைக் குறி பார்த்து அடித்தார் என்ற பழியாவது விலகும். கேட்க வாய் கூசுகிறது. கேட்டுவிட்டேன்.

அக்கா


மார்ச் 16

அக்கா,

நான் மாற்றிச் சொல்லவில்லை. உன்னிடம் எதையாவது மாற்றிச் சொல்லத் தெரிந்திருந்தால் என் பாதி வாழ்க்கை சுலபமாகப் போயிருக்கும்.

அன்று காலையில் அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். வழக்கமாக நான்தான் ஒரு முனையைப் பிடித்துக்கொள்வேன். பிடித்தேன். வலதில் வைக்கப் போனவர் நிறுத்தி, இடதில் சுற்ற ஆரம்பித்தார். ஏன் என்று கேட்டேன். "இன்னைக்கு இப்படி இருக்கட்டும்" என்றார். வலி அதிகமாக இருக்கும், வெளியே சொல்லமாட்டார், ஆண்பிள்ளை ஜம்பம் என்று நினைத்துக்கொண்டேன். முடிச்சைக்கூட நான்தான் போட்டேன்.

கட்டு மாறிவிட்டது என்று உனக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எப்படித் தோன்றும்? நீ அத்தானிடம் சொல்லியிருப்பாய் என்று நான் நினைத்திருந்தால்தானே. நினைத்திருக்க வேண்டும். உன் வாயில் ஒரு விஷயம் நிற்காது என்று சின்ன வயதிலிருந்து தெரிந்தவள்தானே நான். தெரிந்தும் சொன்னேன். என் வீட்டுக்காரர் எவ்வளவு கெட்டிக்காரர் என்று யாரிடமாவது பீற்றிக்கொள்ள வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான். நீயும் அதைத்தான் எழுதியிருக்கிறாய், கெட்டிக்காரர் என்று. படித்ததும் கடிதத்தை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

கமிட்டியில் என்னால் சொல்ல முடியாது. சொன்னால் முதலில் வெளியே வருவது என் வீட்டுக்காரர் ஒரு வருஷமாகக் கிளப்பை ஏமாற்றினார் என்பது. முட்டி கெட்டது தெரிந்தே ஆடினார் என்றால் கிளப்பில் வைத்தியச் செலவையும் நிறுத்துவார்கள், அவர்கள் வாங்கிக்கொடுத்த பட்டறை வேலையையும் பிடுங்குவார்கள். அதைவிட, நான் உன்னிடம் சொன்னது அவருக்குத் தெரியவரும். அவர் இப்போது என்னைத் தவிர ஒருவரையும் நம்புவதில்லை. ஒன்றுக்குப் போக வேண்டும் என்றாலும் என் தோளைத்தான் பிடிக்கிறார். அந்தத் தோள்தான் ரகசியத்தை வெளியே விட்டது என்று எப்படிச் சொல்வேன்?

உன் வீட்டைக் காப்பாற்ற என் வீட்டைக் கேட்காதே.

உன் கடிதங்களைக் கடை டிராயரில் வைத்திருக்கிறேன். கிழிக்க மனசு வரவில்லை.


மார்ச் 20

அன்புள்ள குட்டிக்கு,

கேட்டது தப்பு. இனி கேட்கமாட்டேன். இதை எழுதச் சொன்னது உன் அத்தான்.

உன் கடிதம் வந்த அன்று நானே அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்தால் நான் வெடித்திருப்பேன், உனக்குத்தான் தெரியுமே. நான் உனக்கு எழுதியது, கமிட்டியில் சொல்லக் கேட்டது, மாப்பிள்ளை அன்றைக்கு ஏனோ கட்டை மாற்றிக் கட்டியது, எல்லாம். பஸ் என்ஜினுக்குள் தலையை விட்ட கையோடு வந்திருந்தார், கையில் கிரீஸ். துடைக்கவே இல்லை. என் தையல் மெஷின்மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். தைத்து வைத்திருந்த வெள்ளைச் சட்டை பாழ்.

சத்தம் போடுவார் என்று பயந்தேன். போடவில்லை. மெதுவாகத்தான் பேசினார்.

"கால் மாறிப் போச்சுன்னு சொல்லி நான் தப்பிக்கணுமா? நல்ல காலா இருந்தா அது அவன் கால் இல்லையா? எந்தக் கால்ல அடிக்கலாம்னு அன்னைக்கு சோறு தின்னுக்கிட்டே யோசிச்சேனே, தப்பு அங்கயே நடந்துடுச்சு."

அப்புறம், இத்தனை வருஷத்தில் அடி வாங்கின ஒருவன் பேரும் தனக்குத் தெரியாது, நம்பர் மட்டும்தான் தெரியும் என்றார். ஏழாம் நம்பர், பதினோராம் நம்பர். அடி வாங்கினவனுக்கு ஒரு பெண்டாட்டி இருக்கிறாள் என்பது மாப்பிள்ளை விஷயத்தில்தான் முதல்முறையாகத் தனக்கு உறைத்ததாம். மற்றவர்களுக்கும் இருந்திருப்பார்கள் அல்லவா என்று என்னைக் கேட்டார்.

கமிட்டியில் போய், தெரிந்தே அடித்தேன் என்று சொல்லப் போகிறார். உன்னையோ மாப்பிள்ளையின் முட்டியையோ பற்றி ஒரு சொல்லும் வராது. நீ நிம்மதியாக இரு.

எனக்குத்தான் நிம்மதி இல்லை. அடிக்கவே கூடாது என்று கெஞ்சினவள், கடைசியில் எங்கே அடிக்கலாம் என்று அளவெடுத்துக் கொடுத்துவிட்டேன். ஒரு காலைக் காப்பாற்றினேன் என்று அன்றைக்குச் சந்தோஷமாகத் தூங்கினேன். அந்தத் தூக்கத்தை நினைத்தால்தான் இப்போது தூக்கம் வருவதில்லை.

அக்கா


மார்ச் 25

அக்கா,

நேற்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

வீரத்தால் இல்லை. உன் கடைசிக் கடிதத்தைப் படித்ததிலிருந்து கடையில் எல்லாம் தப்புத் தப்பாகச் செய்கிறேன். ஒருவருக்குக் கிட்டப்பார்வைக் கண்ணாடிக்குப் பதிலாகத் தூரப்பார்வைக் கண்ணாடியைக் கொடுத்துவிட்டேன். பாவம், வாசற்படியில் தடுக்கி விழப் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் அவருக்கு உடம்பு துடைத்துவிட்டேன். முதுகைத் துடைக்கும்போது முகம் பார்க்க வேண்டியதில்லை என்பதால், அப்போது சொன்னேன். ஜனவரியில் உன்னிடம் சொன்னது, நீ அத்தானிடம் சொன்னது, கட்டுப் போட்டது நல்ல கால் என்று அத்தான் நம்பியது.

அவர் என் கையிலிருந்த துணியை வாங்கித் தன் முகத்தை மூடிக்கொண்டார்.

"எனக்குத் தெரியும்" என்றார். "நீ அக்காகிட்ட சொல்லியிருப்பேன்னு தெரியும். அக்கா அவர்கிட்ட சொல்லாம இருக்கமாட்டாங்கன்னும் தெரியும். அதனாலதான் அன்னைக்கு மாத்திக் கட்டினேன்."

எனக்குப் புரியவில்லை. புரியும்படி சொல்லச் சொன்னேன். துணிக்குள்ளிருந்தே சொன்னார்.

"கட்டுன கால் நல்ல கால்னு அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. அப்போ கட்டு இல்லாத காலைத்தானே தேடி வருவாரு, அதுலதானே வலின்னு. அதான் நல்ல காலைச் சும்மா விட்டுட்டு, வலிக்கிற காலைக் கட்டுக்குள்ள வச்சேன். வந்தா நல்ல கால்ல வாங்கிக்கலாம், தாங்கும்னு நினைச்சேன். வலிக்கிற காலை விட்டுட்டு நல்ல காலா பாத்து அடிப்பாருன்னு எனக்குத் தோணவே இல்லை."

அக்கா, அத்தானைப் பற்றி இவர் கெட்டதை நினைத்தார். அத்தான் அந்த அளவுக்குக் கெட்டவராக இருந்திருந்தால் இவர் முட்டி இன்றைக்கு முழுசாக இருந்திருக்கும். இதை நினைத்து அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டு பேரும் ஈரத் துணியோடு உட்கார்ந்திருந்தோம். என்மேல் கோபம் இல்லையா என்று கேட்டேன். இருக்கிறது, வரிசையில் நிற்கிறது, முதலில் தன்மேல் உள்ளது தீரட்டும் என்றார்.

விசாரணைக்குப் போவேன் என்கிறார். மாவுக்கட்டோடு, பட்டறை நண்பரின் வண்டியில் பின் சீட்டில் காலை நீட்டிக்கொண்டு. நான் தடுத்துப் பார்த்தேன். கிளப், வேலை, வைத்தியச் செலவு எல்லாவற்றையும் சொன்னேன். "அடிச்சதை அவரு சொல்லட்டும். மறைச்சதை நான்தானே சொல்லணும்" என்று முடித்துவிட்டார். அத்தானிடம் இதை முன்கூட்டிச் சொல்லாதே. ஒரே ஒரு முறையாவது வாயைக் கட்டு.

குட்டி


ஏப்ரல் 1

அன்புள்ள குட்டிக்கு,

சொல்லவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கழுத்தில் கத்தி வைத்தால்கூடச் சொல்லியிருக்கமாட்டேன்.

மாப்பிள்ளை உனக்கு அவர் பக்கத்தைச் சொல்லியிருப்பார். இவர் என்னிடம் சொன்னதை எழுதுகிறேன், சேர்த்துப் பார்த்துக்கொள். கமிட்டி அறை மாடியில். மாப்பிள்ளை ஊன்றுகோலோடு படியேறி வந்தாராம். இவர் எழுந்து, தெரிந்தே அடித்தேன் என்றாராம். மாப்பிள்ளை உட்கார்ந்தபடியே, அவர் வலிக்கிற காலை விட்டுவிடத்தான் பார்த்தார், நான்தான் கட்டை மாற்றி ஏமாற்றினேன் என்றாராம். இவர், ஏமாந்திருந்தாலும் அடி அடிதான் என்று சொல்ல, மாப்பிள்ளை, முட்டியை மறைத்து ஆடினவன் நான் என்று சொல்ல, கமிட்டித் தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் வெளிய போய் ஒரு முடிவுக்கு வந்துட்டு வாங்கப்பா" என்றாராம். கோச் மட்டும் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. அவரை யாரும் ஒன்றும் கேட்கவும் இல்லை.

தீர்ப்பு உனக்குத் தெரியும். இவர் இரண்டு வருஷம் ஆடக் கூடாது. அதற்குள் வயசாகிவிடும், ஆக இனி ஆட்டமில்லை. டிப்போவில் வேலையை எடுக்கவில்லை, பஸ் கழுவும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். நேற்று முழங்கால் வரை நனைந்து வந்தார். மாப்பிள்ளையைக் கிளப் கைகழுவிவிட்டது என்று கேள்விப்பட்டேன். பட்டறை என்ன செய்யப் போகிறது? எழுது.

இறங்கும்போது மாப்பிள்ளைக்குப் படி கஷ்டமாக இருந்ததாம். பிடிக்கலாம் என்று இவர் பக்கத்தில் போயிருக்கிறார். போனவர் நின்றுவிட்டார். எத்தனையோ பேரை முரட்டுத்தனமாகக் கீழே தள்ளின மனுஷன், ஒருவரை எங்கே பிடித்துத் தாங்குவது என்று தெரியாமல் கையை நீட்டியபடி நின்றிருக்கிறார். பட்டறை நண்பர்தான் பிடித்து இறக்கினாராம். மாப்பிள்ளை வண்டியில் ஏறும்போது திரும்பிப் பார்த்து, "வீட்டுக்கு வாங்க" என்றாராம். அதை இவர் என்னிடம் இதுவரை நாலைந்து தரம் சொல்லிவிட்டார், மரியாதைக்குச் சொன்னாரா நிஜமாகவே சொன்னாரா என்று.

ஞாயிற்றுக்கிழமை வருகிறோம். நீ வாசலில் நின்றால் உள்ளே வருவோம். ஃபிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தால் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவோம், கோபித்துக்கொள்ளமாட்டோம்.

இன்று காலையில் ஷேவ் செய்துகொண்டே இவர் என்னிடம் கேட்டார், உங்கள் அறையில் கட்டில் எப்படிப் போட்டிருக்கிறது, மாவுக்கட்டுக் கால் சுவர்ப் பக்கமா, வெளிப் பக்கமா என்று. தெரியாமல் அந்தப் பக்கம் உட்கார்ந்து இடித்துவிடுவோமோ என்று பயம். உன்னிடம் கேட்டுச் சொல்லச் சொன்னார்.

நான் கேட்கப் போவதில்லை. நீயும் எழுதாதே. அவரே வந்து மாப்பிள்ளையைக் கேட்கட்டும்.

உன் அக்கா